தூங்கானைமாடமும் ஆனையிறங்கலும்: கட்டட உவமையின் அறம்

இடுக்கி மாவட்டத்தில் யானையின் பெயரைத் தாங்கிய இடங்கள் பல. அவற்றுள் இரண்டு இவண் நோக்கத்தக்கன. ஒன்று ஆனைமுடி. 2,695 மீட்டர் உயரமுடைய இது மேற்குத் தொடர்ச்சி மலையின் மிக உயர்ந்த முகடு. மற்றொன்று ஆனையிறங்கல். சின்னக்கானலுக்கு அண்மையில், பன்னியாற்று நீர்மின் திட்டத்தின் பொருட்டு 1960களில் அணை எழுப்பப்பட்ட இடம் இது. முன்னது யானையின் உடலை நினைந்து இட்ட பெயர். பின்னது யானையின் நடையைக் கண்டு இட்ட பெயர். இரண்டையும் இட்டவர் ஒரே மலையில் வாழ்ந்த மக்களாதல் கூடும். ஆயினும் அவர்கள் கண்ட காட்சிகள் இரண்டும் ஒரு தன்மையன அல்ல. உடலைக் கண்டவர் ஒரு வடிவத்தைப் பெற்றார். நடையைக் கண்டவரோ, இவ்விடம் வேறோர் உயிரின் வழி என்னும் செய்தியைப் பெற்றார்.

விலங்கின் உடலமைப்பையும் இயக்கத்தையும் பார்த்துக் கட்டடம் அமைக்கும் முறை இன்று உலகெங்கும் பேசப்படுகிறது. அவ்வாறு அமைத்த கட்டடம் உறுதியாக நிற்குமா, வெப்பம் தணியுமா, செலவு குறையுமா என்னும் வினாக்களுக்குப் பொறியியலார் விடை தருகின்றனர். அவர்கள் எழுப்பாத வினா ஒன்றுண்டு. ஓர் உயிரின் உடலைப் பார்த்துத் தன் உறையுளை அமைத்துக்கொண்டவன் அவ்வுயிருக்குக் கடன்பட்டவனா? கடன்பட்டவன் எனின், அக்கடனை எதனால் தீர்ப்பது?

இவ்வினாவைத் தமிழ் மரபுவழி ஆராய்வதற்குப் பாலக்காட்டுக்கும் இடுக்கிக்கும் இடைப்பட்ட எல்லை நிலம் பொருத்தமான களமாகும். வடக்கே பாலக்காட்டுக் கணவாய். தெற்கே மூணாற்றையும் சின்னக்கானலையும் உள்ளடக்கிய இடுக்கி மலைகள். இடையே தமிழகமும் கேரளமும் பங்கிட்டுக்கொண்ட ஆனைமலைத் தொடர். பதிற்றுப்பத்தின் பதிகங்கள் சொல்லும் உம்பற்காடு இவ்வானைமலைப் பகுதியே என அறிஞர் கருதுவர். உம்பல் என்பது யானை. அந்நாட்டின் ஐந்நூறு ஊர்களைக் குமட்டூர்க் கண்ணனார் பிரமதாயமாகப் பெற்றார் என்கிறது இரண்டாம் பத்தின் பதிகம். யானையின் பெயரால் வழங்கிய காட்டை ஊர்களாக எண்ணிக் கொடையளித்த செய்தி அது. கொடுத்தவன் புகழும் பெற்றவர் புகழும் பதிகத்தில் உள்ளன. யானைகள் எங்குச் சென்றன என்பது இல்லை.

உவமையாக நிற்கும் கட்டடம்

தொல்காப்பியர் உவமவியலின் தொடக்கத்திலேயே உவமம் தோன்றும் வகையை வினை, பயன், மெய், உரு என நான்காகப் பகுப்பார். மெய் என்பது வடிவு என்றும் உரு என்பது வண்ணம் என்றும் உரையாசிரியர் விளக்குவர். செய்யுளை நோக்கிச் செய்த இப்பகுப்பு கட்டடத்திற்கும் பொருந்துகிறது. விலங்கை நினைந்து எழுப்பிய கட்டடம் கல்லாலும் சுதையாலும் சொல்லப்பட்ட உவமையே அன்றோ?

மெய்யுவமத்திற்கு ஐதராபாத்தில் தேசிய மீன்வள மேம்பாட்டு வாரியத்தின் தலைமை அலுவலகம் சான்றாகும். 2012இல் எழுந்த அக்கட்டடம் கண்ணும் செதிலும் வாலுமாக ஒரு முழு மீனைப்போல நிற்கிறது. உள்ளே பணிபுரிவோர்க்கு அம்மீன் வடிவால் விளையும் நன்மை பெரிதாக இருப்பதாகத் தோன்றவில்லை. பெயர்ப்பலகை செய்யவேண்டிய வேலையைக் கட்டடமே மேற்கொண்டிருக்கிறது. வினையுவமத்திற்கு அமெரிக்காவின் மில்வாக்கி நகரக் கலைக்கூடத்தைச் சொல்லலாம். சாண்டியாகோ கலத்ராவா வடிவமைத்து 2001இல் திறக்கப்பட்ட அப்பகுதியின் மேல் 217 அடி அகலத்திற்கு விரியும் இறகமைப்பு உண்டு. காலையில் அது பறவையின் சிறகென விரியும்; மாலையில் மடியும். உருவுவமம் இவ்வாய்வுக்கு இன்றியமையாததன்று.

பயனுவமம் சற்று விரித்துரைக்கத்தக்கது. சிம்பாப்வே நாட்டின் அராரே நகரில் மிக் பியர்சு என்னும் கட்டடக்கலைஞர் வடிவமைத்த ஈசுட்கேட் மையம் 1996இல் எழுந்தது. கறையான் புற்றைப் பார்த்துக் கற்ற கட்டடம் என்று உலகப்புகழ் பெற்றது. இரவின் குளிர்காற்றை உள்ளிழுத்துச் சுவர்களையும் தளங்களையும் குளிர்வித்து, பகலில் அக்குளிர்ச்சியால் அறைகளின் வெப்பத்தைத் தணிக்கும் முறை அங்குள்ளது. வழக்கமான குளிர்சாதனப் பொறிகளின்றி அது இயங்குகிறது. ஆயின் கறையான் புற்றுகளை நெடுங்காலம் ஆராய்ந்த இசுகாட் டர்னர், ரூபர்ட் சோர் ஆகியோர் 2008இல் வேறொன்றைச் சொன்னார்கள். புற்று புகைபோக்கிபோல் காற்றை மேலிழுப்பதில்லை. நுரையீரல்போல் வெளிக்காற்றின் ஏற்றத்தாழ்வுக்கேற்ப மூச்சுவிடுகிறது என்பது அவர்கள் முடிவு. அஃதாவது, கட்டடம் நன்றாக இயங்குகிறது. அது நம்பிய உவமைதான் பிழையானது. பயன் கைக்கு வந்துவிட்டால் உவமானப் பொருளை அறியாமலே இருந்துவிடலாம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பதரிது. சங்கப் புலவர்கள் எண்கு தன் நகத்தால் அகழும் ஈரப்புற்றையும் அதனுள் உறையும் ஈயலையும் மீண்டும் மீண்டும் பாடினர். புற்றினால் அவர்கள் அடைய விரும்பிய பயன் எதுவுமில்லை. அதனால்தான் போலும், புற்றை அவர்கள் நின்று பார்த்தனர்.

தூங்கானைமாடம்

தமிழ்நிலத்துக் கட்டடங்களுள் விலங்கின் பெயரை வெளிப்படையாகத் தாங்கி நிற்பது தூங்கானைமாடம். கருவறையின் பின்புறம் சதுரமாக முடியாமல் அரைவட்டமாக வளையும். மேலுள்ள விமானமும் அவ்வளைவைப் பின்பற்றி நீண்டு உருண்டு அமையும். பின்னின்று நோக்குவார்க்கு அது யானையின் முதுகெனத் தோன்றும். பெண்ணாகடத்துக் கோயில் தேவாரத்திலேயே தூங்கானைமாடம் என்று பெயர் பெற்றது; சம்பந்தரும் நாவுக்கரசரும் அதைப் பாடியுள்ளனர். மாமல்லபுரத்தில் நகுல சகாதேவ ரதம் என வழங்கும் ஒற்றைக்கல் கோயில் இவ்வடிவினது. அதனருகே அதே பாறைத்தொடரில் ஒரு முழு யானையும் செதுக்கப்பட்டுள்ளது. இரண்டு முதுகுகளும் அருகருகே நிற்பதைக் காண்போர், உவமானமும் உவமேயமும் ஓரிடத்தில் வைக்கப்பட்டமை தற்செயலன்று என்றே கருதுவர். கேரளத்திலும் வட்டக் கருவறைகளோடு இவ்வடிவக் கருவறைகள் பல உள்ளன.

வடமொழிச் சிற்பநூல் வழக்கு இவ்வடிவைக் கசபிருட்டம் என்கிறது. யானையின் முதுகு என்பது பொருள். தமிழ்ப்பெயரோ முதுகைச் சொல்லவில்லை. தூங்கும் ஆனை என்கிறது. வடமொழிப் பெயர் உறுப்பைச் சுட்ட, தமிழ்ப்பெயர் முழு விலங்கையும் அதன் நிலையையும் சுட்டுவது கருதத்தக்கது. தூங்கு என்னும் சொல்லுக்கு இன்று உறங்கு என்பதே பொருளாக எஞ்சியுள்ளது. ஆகவே உறங்கும் யானை என்றே பலரும் பொருள் கொள்வர். பழந்தமிழில் அச்சொல் தொங்குதல், அசைதல், மெல்ல ஆடுதல் என்னும் பொருள்களில் பெருவழக்குடையது. யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையைக் குறுங்கோழியூர் கிழார் பாடிய புறநானூற்று 22ஆம் பாடல் யானையின் கை அசைதலை இச்சொல்லாலேயே கூறித் தொடங்குகிறது. யாப்பிலும் வஞ்சிப்பாவின் ஓசைக்குத் தூங்கல் என்று பெயர். எனவே தூங்கானை என்பது உறங்கும் யானையாகவும் இருக்கலாம். நின்றவிடத்தே அசைந்துகொண்டிருக்கும் யானையாகவும் இருக்கலாம். முடிந்த முடிபாக ஒன்றைச் சொல்ல இடமில்லை. ஆனால் இரண்டாம் பொருளையும் மனத்தில் வைத்துக்கொண்டு அவ்விமானத்தைப் பார்ப்பவர்க்குக் கல்லின் அமைதி வேறாகத் தெரியும்.

உறக்கத்தையே பொருளாகக் கொண்டாலும் அதில் ஒரு நுட்பம் உள்ளது. 2017இல் வெளியான ஓர் ஆய்வில், போட்சுவானாக் காட்டில் வாழும் இரண்டு பெண் யானைகளின் உறக்கம் அளக்கப்பட்டது. நாளொன்றுக்குச் சராசரியாக 2 மணிநேரமே அவை உறங்கின. அதிலும் பெரும்பகுதி நின்றபடியே. இடையூறு நேர்ந்த இரவுகளில் உறங்காமலே நெடுந்தொலைவு நடந்தன. யானைக்கு நிற்றல் என்பது இரு நடைகளுக்கு இடைப்பட்ட சிறுபொழுது. அச்சிறுபொழுதைத்தான் சிற்பி கல்லில் நிறுத்தினான்.

இவ்விடத்தில் ஒரு தடை எழும். பின்வளைந்த கட்டட அமைப்பு யானையைப் பார்த்து உண்டானதன்று; மூங்கிலையும் மரச்சட்டத்தையும் வளைத்துக் கூரை வேய்ந்த பழங்குடில்களிலிருந்தும், பௌத்தச் சைத்தியங்களிலிருந்தும் வளர்ந்து வந்தது என்பது கலை வரலாற்றாய்வாளர் கருத்து. இக்கருத்து வலுவானது. வடிவம் யானையிடமிருந்து வரவில்லை எனின் யானைக்குக் கடன் எங்கிருந்து வரும்?

உவமையின் இயல்பை நோக்கினால் இத்தடை நீங்கும். உவமை எப்போதும் பொருளுக்குப் பின்னரே வருவது. மகளிர் நடை பிடியைப் பார்த்துக் கற்றதன்று. ஆயினும் புலவன் அதைப் பிடிநடை என்று சொல்லிவிட்டான். சொன்ன பிறகு பிடியின் நடைக்கு ஒரு பெருமை வந்து சேர்ந்தது. அப்பெருமையைச் சொன்னவன் மறுக்கவியலாது. குடிலிலிருந்து வந்த வளைவுக்குத் தூங்கானை என்று பெயரிட்ட நாளில் அம்மரபு யானையை ஒப்புக்கொண்டது. கடன் என்பது வடிவத்தை எடுத்துக்கொண்டதால் வருவதன்று, ஒப்புக்கொண்டதால் வருவது.

உயர்ந்ததன் இடம்

உவமவியலில் தொல்காப்பியர் வகுத்த விதியொன்று இங்கு நேரடியாகப் பொருந்தும். உவமையாகக் கொள்ளப்படும் பொருள், உவமிக்கப்படும் பொருளைவிட உயர்ந்ததாக இருத்தல் வேண்டும் என்பது அது. சிறப்பு, நலன், காதல், வலி ஆகிய நான்கும் உவமத்தின் நிலைக்களன்கள் என்றும் அவர் சொல்வார். இழிவுபற்றி வரும் ஒப்புமையையும் கிழக்கிடு பொருள் எனச் சேர்த்துக்கொள்வார். எனினும் இழிவு கருதி ஒரு விலங்கின் வடிவில் எவரும் கோயிலெடுப்பதில்லை, அரங்கம் கட்டுவதில்லை. கட்டட உவமை என்றுமே உயர்ந்ததன்மேற் செல்வது.

இதிலிருந்து பெறப்படுவது எளிய கருத்து, ஆயின் வசதியானதன்று. யானையைப் போலக் கட்டினேன் என்பவன், இக்கூறில் யானை என்னினும் உயர்ந்தது என்று தன் வாயால் சொல்லிவிட்டான். அதே யானை நடந்துவரும் வழியில் சுவரெழுப்புவானாயின் அவன் சொல்லும் செயலும் ஒன்றையொன்று பொய்யாக்குகின்றன. யானைக்கு உவமை தெரியாது. தன் முதுகைக் கல்லிற் செதுக்கியதால் அதற்கு இழப்புமில்லை. ஆகவே இதில் அநீதி எங்கே என்று வினவலாம். அநீதி செதுக்கியதில் இல்லை. ஓர் உயிரின் வடிவத்தை அதன் இயக்கத்திலிருந்து பிரித்து, வடிவத்தை வைத்துக்கொண்டு இயக்கத்தை மறுப்பதில் உள்ளது. நடவாத யானை பிணம். உள்ளுறை உவமம் இதை நன்கறிந்திருந்தது. தெய்வம் ஒழிந்த கருப்பொருளை நிலைக்களமாகக் கொண்டு எழும் அவ்வுவமத்தில் களிறு பிடிக்கு மூங்கிலை வளைத்துத் தரவேண்டும். மந்தி கிளையில் தாவவேண்டும். வாளை மாம்பழத்தைக் கவ்வவேண்டும். விலங்கு தன் நிலத்தில் தன் தொழிலைச் செய்தாலன்றி அகப்பாடலில் தலைவன் தலைவியரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லமுடியாது.

கேரளத்தின் கொல்லம் மாவட்டத்துச் சடையமங்கலத்தில் 2018இல் திறக்கப்பட்ட சடாயு நினைவிடம் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. இராசீவ் அஞ்சல் உருவாக்கிய அப்பேருருவம் 200 அடி நீளமும் 150 அடி அகலமும் 70 அடி உயரமும் உடையது. பாறையுச்சியில் ஒரு சிறகிழந்து மல்லாந்து கிடக்கும் பறவை வடிவிலான கட்டுமானம் அது. பெண்ணொருத்திக்காகச் சிறகிழந்த பறவையைச் சிறப்பித்தது பொருத்தமே. ஆனால் கால்நடைகளுக்கு இட்ட டைக்குளோபினாக் மருந்தால் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகள் 1990களிலிருந்து 99 விழுக்காட்டுக்கு மேல் அழிந்தன. அம்மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்துவது 2006இல் தடை செய்யப்பட்டது. கேரளத்தில் இன்று பாறுகளுக்கு வாழிடமாக எஞ்சியிருப்பது வயநாட்டுக் காடு மட்டுமே. மாநிலத்தின் மிகப்பெரிய பாறு கற்காரையால் ஆனது.

உடலறிவின் மறுபக்கம்

விலங்கின் உடலை அறிந்து கட்டுவது எப்போதும் அதனைப் போற்றிக் கட்டுவதாக இருப்பதில்லை. யானையின் உடற்கூற்றை மிக நுணுக்கமாகப் பயன்படுத்திக்கொண்ட கட்டுமானம் யாதெனின், அது தூங்கானைமாடமன்று. யானைத் தடுப்பு அகழி. யானையால் துள்ளிக் குதிக்கவியலாது. எத்துணை விரைந்தாலும் நான்கு கால்களும் ஒருசேரத் தரையை விட்டெழுவதில்லை. தூண்போன்ற காலும், விரல்களுக்குப் பின்னே கொழுப்புத் திண்டு வைத்த அடியும் பெரும்பாரத்தைத் தாங்க அமைந்தவை; பாய்ச்சலுக்கு அமைந்தவை அல்ல. ஒரு மனிதன் பலகையிட்டுக் கடக்கும் பள்ளம் யானைக்குக் கோட்டைச்சுவர் ஆவது இதனால்தான். பாலக்காட்டிலும் இடுக்கியிலும் காட்டோரங்களில் வெட்டப்படும் அகழிகள் யானையின் உடலுக்கு எதிர்மறையாக வார்த்த அச்சுகள் எனலாம்.

இவ்வறிவு பழமையானது. குழி தோண்டி மேலே மறைத்து யானை பிடித்த செய்தியைச் சங்க இலக்கியம் பலவிடத்தும் சொல்கிறது. முன்னர்க் குறித்த இரும்பொறை பாண்டியன் சிறையிலிருந்து தப்பியதைக் குறுங்கோழியூர் கிழார் புறநானூற்று 17ஆம் பாடலில் பாடும்போது, குழியில் வீழ்ந்த களிறு அக்கரையைத் தன் கொம்பால் இடித்து வெளியேறித் தன் இனத்தோடு சேர்ந்ததை உவமையாக்குகிறார். யானையின் கண்ணையொத்தவன் என்று பெயர் பெற்ற சேரனுக்கு அவ்வுவமை இயல்பாகவே அமைந்தது. நோக்கவேண்டியது ஒன்றுண்டு. குழி வெட்டியவன் யானையின் எடையையும் காலையும் அறிந்தவன். புலவன் அது தன் இனத்திடம் மீள்வதை அறிந்தவன். இரண்டும் யானையைப் பற்றிய அறிவே. முதலாவது அறிவால் ஒரு கட்டுமானம் எழுந்தது. இரண்டாவது அறிவு அதை உடைத்தது.

பாலக்காட்டுக்கு அண்மையிலுள்ள தோணிப் பகுதியில் ஊர்களுக்குள் வந்துகொண்டிருந்த களிறு ஒன்றுக்கு வனத்துறையினர் இட்ட அடையாளம் பி.டி. 7. 2023 சனவரி 22 அன்று அது பிடிக்கப்பட்டது. முன்கூட்டியே தைலமர உருளைகளை அடுக்கி ஒரு கூண்டு கட்டப்பட்டிருந்தது. யானை முட்டும் உயரம், தள்ளும் விசை, துதிக்கை எட்டும் தொலைவு ஆகிய அனைத்தும் கணக்கிடப்பட்ட அக்கூண்டு, கட்டடக்கலை நோக்கில், விலங்கின் உடலிலிருந்து நேரே பிறந்த வடிவமாகும். தொல்காப்பியர் சொன்ன நான்கு நிலைக்களன்களுள் வலி ஒன்றே அங்குக் கொள்ளப்பட்டது. பிடிபட்ட களிற்றுக்குத் தோணி என்றே பெயரிட்டார்கள். அது நடமாடிய இடத்தின் பெயர், நடமாட்டம் நின்றபின் அதன் பெயராயிற்று.

ஊர்களில் யானையச்சத்தோடு வாழ்ந்தவர்களைக் குறைசொல்வது இங்கு நோக்கமன்று. உடலறிவு தன்னளவில் அறமுடையதுமன்று, அறமற்றதுமன்று என்பதே சொல்லத்தக்கது. இயற்கையைப் பார்த்துக் கட்டினோம் என்பதால் மட்டும் ஒரு கட்டடம் உயர்ந்ததாகிவிடாது.

வழி விடுதல்

பாலக்காட்டுக் கணவாய் ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டர் அகலமுடையது. அதன் வடக்கே நீலகிரிப் பக்கத்தில் வாழும் யானைகளும் தெற்கே ஆனைமலைப் பக்கத்தில் வாழும் யானைகளும் மரபணுவால் வேறுபட்டுள்ளமையை ஆய்வுகள் காட்டியுள்ளன. நிலமே இட்ட பிரிவு அது. 1860களில் கணவாய் வழியே இருப்புப்பாதை வந்தது. பின்னர் நெடுஞ்சாலைகளும் ஆலைகளும் கல்லூரிகளும் வந்தன. பாலக்காட்டிலிருந்து கோயம்புத்தூர் செல்லும் இரு தடங்களும் வாளையாற்றுக்கும் மதுக்கரைக்கும் இடையே காட்டினூடே செல்கின்றன. அத்தடங்களில் யானைகள் பல மாண்டன. 2021 நவம்பர் 26 இரவு நவக்கரை அருகே மங்களூரிலிருந்து சென்னை நோக்கிச் சென்ற விரைவுவண்டி மோதி மூன்று யானைகள் ஒருசேர இறந்தன.

அதன் பின்னர் மதுக்கரைப் பகுதியில் இருப்புப்பாதைக்கு அடியில் யானைகள் கடந்துசெல்ல இரண்டு சுரங்கவழிகள் அமைக்கப்பட்டன. 2024 பிப்ரவரியில் 12 கோபுரங்களில் வெப்பமுணர் படக்கருவிகளைப் பொருத்தி, யானை வருவதைக் கணினியே கண்டு ஓட்டுநர்க்கு அறிவிக்கும் ஏற்பாடும் செய்யப்பட்டது. சுரங்கவழி என்பது காண்பதற்கு அழகிய கட்டடமன்று. அதில் யானையின் முதுகு இல்லை, தந்தம் இல்லை, யானையை நினைவூட்டும் கோடு ஒன்றும் இல்லை. ஆயினும் அதன் அளவுகள் அனைத்தும் யானையுடையவை. மறுமுனையின் வெளிச்சம் உள்ளே நுழையும்போதே தெரியவேண்டும். இல்லையேல் யானை நுழையாது. பெருங்களிறு தலைதாழ்த்தாமல் செல்லும் உயரம் வேண்டும். தாயும் கன்றும் இணைந்து நடக்கும் அகலம் வேண்டும். காலடியில் மண் மண்ணாகவே இருத்தல் நன்று. எல்லாவற்றினும் முதன்மையாக, யானை முன்னமே நடந்துவந்த இடத்தில் அது அமையவேண்டும். பொறியாளருக்கு எளிதான இடத்தில் அன்று. கலத்ராவாவின் சிறகு பறவையின் வினையைக் கட்டடம் செய்துகாட்டுவது. சுரங்கவழியோ யானை தன் வினையைத் தானே செய்யும்படி கட்டடம் ஒதுங்கி நிற்பது. வினையுவமம் என்னும் சொல்லுக்குச் சங்க இலக்கணத்தில் இப்படியொரு பொருள் இல்லைதான். ஆனால் அக்கடனைத் தீர்க்கும் நாணயம் யாதென்னும் வினாவுக்கு இதைவிட நேரான விடை வேறில்லை.

ஆனைமலைத் தொடரில் வால்பாறையை அடுத்த புதுத்தோட்டத்துச் சாலையிலும் இத்தகைய முயற்சி ஒன்றுண்டு. சோலைமந்தி எனப்படும் சிங்கவால் குரங்கு மரமுகட்டிலேயே வாழ்வது. தேயிலைக்காகவும் சாலைக்காகவும் மரங்கள் வெட்டப்பட்டு முகடுகள் பிரிந்தபோது அது தரையிலிறங்கிச் சாலையைக் கடந்து வண்டிகளில் அடிபட்டது. பழைய தீயணைப்புக் குழாய்ப் பட்டைகளை இருபுறத்து மரங்களிடையே பின்னிக் கட்டிய பாலங்கள் இப்போது அதற்கு வழியாகின்றன. காட்டுக்கொடிபோல் அவை சற்றுத் தொய்ந்து காற்றில் அசைகின்றன. விறைப்பாக நிற்கும் இரும்புப் பாலத்தைவிட இந்த அசைவு மந்தியின் கைக்கும் காலுக்கும் பழகியது. பழந்தமிழ்ப் பொருளில் இவை தூங்கும் பாலங்கள்.

இதணத்தில் உறங்குவோர்

இவ்வாதத்திற்கு எதிராகச் சொல்லத்தக்கவற்றுள் மிக வலியது, கடனை யார் தீர்ப்பது என்பதாகும். தூங்கானைமாடம் எடுப்பித்தவர் அரசர். மீன்வடிவ மாளிகை கட்டியது அரசு. யானையின் வழியில் குடியிருந்து அதற்குரிய விலையைக் கொடுப்பவரோ பெரும்பாலும் வேறு நிலம் இல்லாதவர்.

சின்னக்கானலில் ஆனையிறங்கல் நீர்த்தேக்கத்தை அடுத்த நிலத்தில் 2000களின் தொடக்கத்தில் நிலமற்ற பழங்குடியினர் 301 குடும்பங்களுக்குக் கேரள அரசு நிலம் வழங்கியது. அக்குடியிருப்பு 301 காலனி என்றே வழங்குகிறது. யானைகள் நடமாடும் இடம் அது என்பதை அவ்வூர்ப் பெயரே சொல்லிக்கொண்டிருந்தது. நிலத்துக்காகப் போராடியவர்களுக்கு நிலம் தந்தது நீதி. அந்நிலம் இன்னோர் உயிரின் வழியாக இருந்தது என்பதால் அந்நீதி முழுமை பெறாமலே நின்றது. பல குடும்பங்கள் பின்னர் அவ்விடத்தை விட்டு நீங்கின.

அப்பகுதியில் வீடுகளையும் நியாயவிலைக் கடைகளையும் உடைத்து அரிசி தின்ற களிற்றுக்கு அரிக்கொம்பன் என்று மக்கள் பெயரிட்டனர். 2023 ஏப்ரல் 29 அன்று அதைப் பிடித்துப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டனர். அது மே மாத இறுதியில் தமிழக எல்லையைக் கடந்து கம்பம் நகரத்துக்குள் வந்தது. சூன் 5 அன்று தமிழக வனத்துறை அதைப் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுசென்றது. குறுங்கோழியூர் கிழாரின் களிறு குழியை இடித்துத் தன் இனத்திடம் மீண்டது. இக்களிற்றுக்கு அவ்வழி இல்லை.

தொகுத்து நோக்கின் கடன் முதலில் உரியது யானையின் வழியென அறிந்தும் அணைகளையும் தேயிலைத் தோட்டங்களையும் விடுதிகளையும் அனுமதித்தவர்க்கும், குடியிருப்புக்கு அந்நிலத்தையே தேர்ந்தெடுத்துக் கொடுத்தவர்க்குமாகும். குடியேறியவர் அக்கடனின் வட்டியைச் செலுத்துகின்றனர்.

மலைநாட்டில் யானைக்கும் மனிதனுக்கும் இடையே பழங்காலந்தொட்டு ஒரு கட்டடம் இருந்தது. தினைப்புனத்தில் மரத்தின்மேலோ உயர்ந்த கால்களின்மேலோ அமைத்த அதனைச் சங்க இலக்கியம் இதணம் என்றும் கழுது என்றும் பரண் என்றும் சொல்லும். அங்கிருந்து மகளிர் தழலும் தட்டையும் குளிரும் கொண்டு கிளி கடிந்தனர். இரவில் ஆடவர் கவண்கல் எறிந்து யானையை விலக்கினர். மலைபடுகடாம் வழிசொல்லும்போது, அக்கவண்கல் தம்மேல் படாதவாறு செல்லும்படி கூத்தரை எச்சரிக்கிறது. இடுக்கியின் முதுவரும் மன்னான்களும் மரங்களில் அமைத்த ஏறுமாடம் இதன் தொடர்ச்சி. இதணம் யானையின் வடிவில் இல்லை, யானையைப் போற்றவுமில்லை. யானை இவ்வழி வரும், அதன் துதிக்கை இவ்வளவு உயரம் எட்டும் என்பதை ஏற்றுக்கொண்டு, கீழே தரையை அதற்கு விட்டுவிட்டு, மனிதன் மேலே ஏறிக்கொண்ட கட்டடம் அது. விளைச்சல் முடிந்ததும் அது கலைக்கப்படும். நிலைத்த வீடு வேறிடத்தில் இருந்தது.

301 காலனியில் எஞ்சியிருந்தோர் சிலர், அரசுத் திட்டத்தில் கட்டிய கற்காரை வீடுகளின் தளத்தின்மேல் கழிகளை நட்டுத் தகரமும் நெகிழித்தாளும் வேய்ந்து சிறு குடில்கள் அமைத்து, இரவில் கீழ்வீட்டைப் பூட்டிவிட்டு ஏணிவழி ஏறி அவற்றில் உறங்கினர்.